மணலில் அரிச்சுவடி எழுதிய ஜெர்மானியர்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி. ‘சோபியா ஹெட்விக்’ என்ற டேனிஷ் கப்பல் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் கிடந்த அந்தக் கப்பலில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இருந்தார்கள். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கே அனுப்பி வைத்த பாதிரிமார்கள் அவர்கள். மன்னர் அனுப்பிய ஆட்கள் என்றால் மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. டான்ஸ்பர்க் கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த தளபதி ஹாசியுஸ் அவர்களை நெடுநேரம் காக்க வைத்தார். வியாபாரம் செய்ய வந்த கும்பெனிக்குப் பாதிரிமார்கள் தொல்லை. உள்ளூர் மக்களோடு மதம் பேசப் போய்ப் பிரச்சினையைக் கிளப்புவார்கள், வரவு கெடும் என்பது அவர்கள் கணக்கு.

அந்த இருவரில் ஒருவர் ஹென்ரிக் புளூட்சௌ. இன்னொருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. சீகன்பால்குக்கு அப்போது வயது 24. இன்று பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டில் இருக்கும் நம் அண்ணன், அக்காமாரின் வயது. அடுத்த 13 ஆண்டுகளில் அவர் செய்து முடித்த வேலைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இந்திய மொழிகளில் முதன்முதலாக ஒரு முழுப் புதிய ஏற்பாடு அச்சானது தமிழில்தான். அதை மொழிபெயர்த்தவர் இவர். ஆனால் என்னை இவரிடம் இழுத்தது அந்த ‘முதல்’ என்ற பட்டம் அல்ல. வந்து இறங்கிய நாளில் ஒரு வார்த்தைகூடத் தமிழ் தெரியாத ஒருவர், கடவுள் தமிழில் பேசுவார் என்று எப்படி அத்தனை உறுதியாக நம்பினார் என்ற கேள்விதான்.

அதற்கு அவர் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் சாக்சனி பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தார். தந்தை தானிய வியாபாரி. சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்துவிட்டார். தாய் இறக்கும் தறுவாயில் பிள்ளைகளை அருகில் அழைத்து, உங்களுக்குப் பெரிய சொத்து ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன், பைபிளில் தேடுங்கள், அதன் பக்கங்கள் எல்லாம் என் கண்ணீர் பட்டவை என்ற பொருளில் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அக்காவின் பராமரிப்பில் வளர்ந்தார். உடம்பு எப்போதும் சுகமில்லை. படிப்பையே பாதியில் விட்டுவிட வேண்டிய அளவுக்கு நோய் அவரைத் துரத்தியது.

படித்த இடங்களில் முக்கியமானது ஹாலே நகரம். அங்கே அவுகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே என்ற பேராசிரியர் அனாதை இல்லம், பள்ளிகள், அச்சகம் எனப் பெரிய நிறுவனத்தையே நடத்தி வந்தார். லுத்தரன் சபைக்குள் எழுந்த ‘பையட்டிசம்’ என்ற பக்தி இயக்கத்தின் தலைவர்களில் அவரும் ஒருவர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, வேதம் பற்றி அவர்கள் என்ன நம்பினார்கள் என்று பார்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் சீகன்பால்கு செய்தவை எல்லாம் வெறும் மொழி ஆர்வமாகத்தான் தெரியும்.

மார்ட்டின் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் முழுப் பைபிளையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். சந்தையில் நிற்கும் பெண்ணும் தெருவில் விளையாடும் பிள்ளையும் பேசும் மொழியில் வேதம் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கடவுள் மனிதரோடு பேசும் வழிகள் பல இருக்கலாம். ஆனால் எந்தக் குரல் கடவுளுடையது என்று உரசிப் பார்க்க நம் கையில் இருக்கும் உரைகல் வேதம்தான் என்பது சீர்திருத்தச் சபைகளின் நிலைப்பாடு. பையட்டிசம் இன்னும் ஒரு படி போனது. பாதிரியார் படித்துச் சொல்ல மற்றவர்கள் கேட்டால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் தானே எடுத்துப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது தூய ஆவியார் அந்தப் பழைய வரிகளை இந்த மனிதருக்கு, இந்த நாளுக்கு உரிய பேச்சாக மாற்றுகிறார். தாளில் இருப்பது எழுத்து. படிப்பவரின் மனத்தில் நடப்பது உரையாடல். இதுதான் அவர்கள் நம்பிக்கை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வரும். மூலத்தில் ஒரு மொழி, நாம் படிப்பது வேறொரு மொழி. அப்படியானால் நாம் படிப்பது கடவுள் சொன்னதா, மொழிபெயர்ப்பாளர் சொன்னதா? இதற்குக் கிறிஸ்தவ நம்பிக்கையில் இருக்கும் பதில் எனக்கு மிகவும் சுவையாகப்பட்டது. இயேசு அன்றாடம் பேசியது அரமேய மொழி. அவருடைய வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களும் எழுதப்பட்டது கிரேக்கத்தில். அதாவது அவர் சொன்ன சொற்களில் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்கும்போதே மொழிபெயர்ப்பாகத்தான் கிடைக்கின்றன. இயேசுவின் சீடர்கள் எருசலேமில் பேசியபோது, பல நாடுகளிலிருந்து வந்திருந்தவர்கள் அவரவர் தாய்மொழியில் அதைக் கேட்டார்கள் என்றொரு நிகழ்ச்சியும் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. ஆக, கிறிஸ்தவத்தைப் பொறுத்தவரை மொழிபெயர்ப்பு என்பது வேதத்துக்கு ஏற்பட்ட விபத்து அல்ல. தொடக்கத்திலிருந்தே அது அப்படித்தான் பயணம் செய்திருக்கிறது.

இந்த நம்பிக்கையைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார்.

முதல் சிக்கல் மொழி. கடலோரத்தில் ஐரோப்பியரோடு பழகியவர்கள் கொச்சைப் போர்ச்சுகீசியம் பேசினார்கள். அதை மட்டும் கற்றுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். பல ஐரோப்பியர் அப்படித்தான் ஓட்டினார்கள். இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். போர்ச்சுகீசியம் புளூட்சௌவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு. சொல்லிக்கொடுக்க இலக்கண நூல் இல்லை, அகராதி கிடைக்கவில்லை. எனவே வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தங்கள் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே விரலால் மணலில் அ, ஆ எழுதினார். பல்கலைக்கழகத்தில் எபிரேயமும் கிரேக்கமும் படித்த ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருப்பதை ஊரார் வேடிக்கை பார்த்திருக்கத்தான் வேண்டும்.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது, மாணவருக்குத் தமிழ் தெரியாது. பிறகு அழகப்பன் என்பவர் கிடைத்தார். போர்ச்சுகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசக்கூடியவர். அவருடைய உதவியோடு தமிழ் வேகம் பிடித்தது. சீகன்பால்கு தன் அன்றாட அட்டவணையை ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் விவரித்திருக்கிறார். காலையில் எழுந்ததும் முந்தைய நாள் எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் மீள்பார்வை செய்வார். பிறகு நண்பகல் வரை தமிழ் நூல்களை மட்டும் படிப்பார். பக்கத்தில் தமிழ்ப் புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பார்கள். பிற்பகலில் மறுபடியும் வாசிப்பு. மாலையில் கண் வலிக்காமல் இருக்க வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரே நூலைத் திரும்பத் திரும்ப, தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்று ஆகும்வரை படிப்பார். தேர்வுக்கு முதல் நாள் குறிப்பேட்டைத் திறக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

சில ஆண்டுகளிலேயே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்துவிட்டார். செய்யுளில் மட்டும் வழங்கும் சொற்களுக்குத் தனித் தொகுப்பு. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். எழுத்தர்களை வெளியூர்களுக்கு அனுப்பி, படித்தவர்கள் இறந்துபோன வீடுகளில் கிடக்கும் சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிக் குறிப்புகளோடு ஒரு பட்டியலே தயாரித்துவிட்டார். திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் உண்டு. கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தும் வைத்தார். தமிழ்ப்பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அதே வரிகளை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானியர் உட்கார்ந்து பெயர்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கவே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

1708 அக்டோபர் 17ஆம் தேதி புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தைப் பார்த்துத் தமிழாக்கத் தொடங்கினார். ஒரு மாதம் ஆனது. நவம்பர் 19ஆம் தேதி தளபதி ஹாசியுஸ் அவரைக் கைது செய்து டான்ஸ்பர்க் கோட்டைக்குள் அடைத்தார்.

காரணம் வேதம் அல்ல. ஒரு கடன் வழக்கு. முடி திருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துவிட, அவருடைய விதவை மனைவிக்கும் கும்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் கடன் தகராறு. சீகன்பால்கு அந்தப் பெண் பக்கம் நின்று பேசினார். கும்பெனி நிர்வாகத்தில் பாதிரியார் மூக்கை நுழைக்கிறார், கலகம் செய்கிறார் என்று தளபதி எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே இருந்த கசப்பு வேறு. டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகளைச் சேர்த்துவைத்துப் பாடம் நடத்தி, 1707இல் அவர்களில் ஐந்து பேருக்கு ஞானஸ்நானமும் கொடுத்திருந்தார் இவர். அடிமைக்கும் எசமானுக்கும் ஒரே வேதம், ஒரே கடவுள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் எசமான்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

நான்கு மாதங்கள் தனியறைச் சிறை. கோடைக்கு முன் வெளியே வந்தார். வந்ததும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711 மார்ச் 21ஆம் தேதி கடைசி வரி முடிந்தது. இரண்டரை ஆண்டுகள், அதில் நான்கு மாதம் சிறை. லூத்தர் கோட்டைக்குள் ஒளிந்திருந்தபோது ஜெர்மன் புதிய ஏற்பாட்டைச் சில மாதங்களில் முடித்தார் என்பார்கள்; ஆனால் அவருக்கு அது தாய்மொழி.

இப்போது சொற்களுக்கு வருவோம். என் பார்வையில் இந்தக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடவுள் தமிழில் பேச வேண்டும் என்றால், முதலில் கடவுளைத் தமிழில் எப்படி அழைப்பது? ஏற்கெனவே தமிழ் மண்ணில் வேலை செய்த கத்தோலிக்கப் பாதிரிமார் சர்வேசுரன் என்ற சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சர்வ ஈசுவரன், எல்லாவற்றுக்கும் இறைவன். சமயத்தில் எதிர் அணி என்றாலும் சீகன்பால்கு அவர்களுடைய தமிழ் நூல்களைப் படித்துப் பயன்படுத்திக்கொண்டார். அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார். பைபிளுக்கு வேதம் என்ற சொல். இரண்டுமே கிறிஸ்தவர்கள் புதிதாகச் செய்த சொற்கள் அல்ல. கோயில்களிலும் மடங்களிலும் நூற்றாண்டுகளாகப் புழங்கிய சொற்கள். கேட்பவர் மனத்தில் பழைய நினைவுகளை எல்லாம் எழுப்பிக்கொண்டுதான் அவை புதிய புத்தகத்துக்குள் நுழைகின்றன. புதிய சொல் படைத்தால் யாருக்கும் புரியாது. பழைய சொல்லை எடுத்தால் பழைய பொருளும் கூடவே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். எனக்குத் தெரிந்து இதற்கு முடிந்த முடிவான தீர்வு யாரிடமும் இல்லை. பின்னால் வந்த ஃபபிரிசியுஸ் பராபரன் என்று எழுதினார். அதற்கும் பின்னால் 1871இல் வந்த பதிப்பு தேவன் என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் கடவுள் என்று படிக்கிறோம். ஒரே இறைவன், நான்கு பெயர், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்.

நடையிலும் அவர் ஒரு முடிவெடுத்தார். செய்யுள் வேண்டாம், பண்டித நடை வேண்டாம், கடைத்தெருவில் நிற்பவருக்கும் புரியும் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமான உரைநடை போதும். 1714இல் வெளிவந்த முதல் பகுதியில் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் இருந்தன. ஆக ஐந்து நூல்கள். தலைப்பில் அவர் ஐந்து என்று போடவில்லை; ‘அஞ்சு வேத பொஸ்தகம்’ என்று போட்டார். எஸ்.பி.எம். தமிழ்த் தாளில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுவார். இந்தத் தமிழை அந்தக் காலத்திலேயே கடுமையாகச் சாடியவர் உண்டு. வேறு யாருமல்ல, தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர். லுத்தரன்களின் வேதப் புத்தகத் தமிழைக் கேலி செய்து அவர் எழுதியவை புகழ்பெற்றவை. சமயப் போட்டியும் அதில் கலந்திருந்தது என்றாலும், தமிழை அவ்வளவு அழகாகக் கையாண்ட ஒருவரின் கண்டனத்தைத் தள்ளிவிட முடியாதுதான்.

ஆனாலும் நான் சீகன்பால்கு பக்கமே சாய்கிறேன். நான் பைபிளை முதலில் படித்தது ஆங்கிலத்தில். பொருள் உடனே புரிந்துவிடும், அடுத்த வரிக்குப் போய்விடுவேன். என் பாட்டி தமிழில் படித்துக் கேட்கும்போதுதான் சில வரிகள் நகர மறுக்கும். பாட்டி படித்தது அழகான தமிழ் என்று சொல்ல முடியாது. வாக்கியங்கள் பல இடங்களில் முறுக்கிக்கொண்டிருக்கும். இருந்தும் வீட்டில் திட்டவும் கொஞ்சவும் பயன்படும் மொழியில் அது இருந்தது. அந்த நெருக்கத்தைத்தான் சீகன்பால்கு தேடினார் என்று நினைக்கிறேன். தேம்பாவணி வியக்க வைக்கிறது. அஞ்சு வேத பொஸ்தகம் பக்கத்தில் வந்து உட்காருகிறது.

கையெழுத்துப் பிரதி இருந்தால் போதுமா? ஒவ்வொருவரும் தானே படிக்க வேண்டும் என்பது கொள்கையானால் நூற்றுக்கணக்கில் பிரதிகள் வேண்டும். ஓலையில் எழுதிப் பரப்பினால் காலமும் பணமும் தாங்காது. இங்கிலாந்திலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் உதவ முன்வந்தது. ஓர் அச்சு இயந்திரத்தையும் யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுப் பணியாளரையும் கப்பலில் ஏற்றியது. கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. பணியாளர் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் நோயுற்று இறந்துபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. அடுத்து எழுத்து வேண்டும். தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய எழுத்து மாதிரிகளைப் பார்த்து, ஒரு வரி தமிழ் படிக்கத் தெரியாத கைவினைஞர்கள் ஹாலேயில் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தார்கள். 1713இல் அவையும் அச்சு வேலை தெரிந்த ஆட்களும் வந்தார்கள். எழுத்துகள் மிகப் பெரியவை. அப்படியே அச்சிட்டால் புத்தகம் தலையணை ஆகிவிடும், கையிருப்புக் காகிதமும் போதாது. எனவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளைப் புதிதாக வார்த்தார்கள். அதற்கு ஈயம் தட்டுப்பட்டபோது இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டின்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1714இல் முதல் பகுதி, 1715இல் மீதிப் பகுதி வெளிவந்தன. பக்கத்திலுள்ள பொறையாறில் காகித ஆலை ஒன்றும் எழுந்தது.

தமிழில் அச்சு இதற்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நமக்குப் பெருமை தரும் முன்னோடி. சீகன்பால்குவின் அச்சுக்கூடம் அந்த மரபு நின்றுபோயிருந்த காலத்தில் மறுபடியும் தொடங்கியது.

படிக்கப் புத்தகம் வந்தால் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். பள்ளிகள் திறந்தார், பெண்பிள்ளைகளுக்கும். கடவுள் எழுத்தின் வழியே ஒவ்வொருவரோடும் பேசுகிறார் என்று நம்புகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாத சிறுமி என்பவள் அந்தப் பேச்சு மறுக்கப்பட்ட ஒருத்தி.

இதுவரை வேதம் ஒரு பக்கமாகவே பயணம் செய்வதுபோலத் தோன்றும். அப்படியல்ல. சீகன்பால்குவும் அவரோடு சேர்ந்துகொண்ட கிருண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில்களைக் கேட்டு வாங்கினார்கள். அப்படி வந்த கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. தமிழர்களின் பதில்கள் மிகவும் கூர்மையானவை. எல்லாரையும் படைத்த கடவுள் எங்களுக்கும் எங்கள் வேதத்தைத் தந்திருக்க மாட்டாரா என்ற வாதம் அவற்றில் வருகிறது. இன்னொன்று, இங்கே வந்திருக்கும் ஐரோப்பியர் குடிக்கிறார்கள், சுத்தபத்தமில்லை, பிறரை மிதிக்கிறார்கள். இவர்கள் வைத்திருக்கும் வேதம் இவர்களையே திருத்தவில்லையே என்பது. இரண்டாவது கேள்விக்கு மறுப்புச் சொல்லச் சீகன்பால்குவுக்கு வழியில்லை. ஐரோப்பியரின் நடத்தையைப் பற்றி அவரே ஊருக்கு வருத்தத்தோடு எழுதிக்கொண்டுதான் இருந்தார். முதல் கேள்விக்கு, இயற்கை அறிவாலேயே தமிழர்கள் ஒரே பரம்பொருளை உணர்ந்திருக்கிறார்கள் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அது முழுமை பெற பைபிள் தேவை என்ற இடத்திலிருந்து நகரவில்லை. அவரை இன்றைய சமய நல்லிணக்கவாதியாக ஆக்கிக் காட்டினால் அது உண்மையாகாது. மதம் மாற்றத்தான் அவர் வந்தார். அதே சமயம், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரோடும் பேச முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அவர்களுடைய சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதை இங்கே பரப்ப அல்ல என்ற போக்கில் பதில் போயிற்று. அந்த நூல் 1867 வரை அச்சேறாமல் கிடந்தது. ஆசிரியரைவிட மாணவர் தூரம் போய்விட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1714இல் உடல்நிலை காரணமாகவும், அவருடைய பணிக்கு ஆதரவு திரட்டவும் ஐரோப்பா போனார். கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் ஒருவரும் போனார். கடற்பயணத்திலும் மொழிப்பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்பதற்காக! லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. டென்மார்க் மன்னரையும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜையும் சந்தித்தார். மரியா டோரோத்தேயா சால்ட்ஸ்மான் என்ற பெண்ணை மணந்து, 1716இல் மனைவியோடு தரங்கம்பாடி திரும்பினார்.

திரும்பி வந்தபின் வாழ்ந்தது மூன்றே ஆண்டுகள்கூட இல்லை. புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பினார். 1718இல் திறப்பு விழா. அடுத்த அடி அவருடைய சொந்த முகாமிலிருந்தே வந்தது. கோபன்ஹேகனில் அருட்பணிக் குழுவின் செயலாளராக இருந்த வெண்ட் என்பவருக்கு இந்தக் கட்டடம், பள்ளி, அச்சகம் எதுவும் பிடிக்கவில்லை. இயேசுவின் சீடர்கள் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் ஊராகப் போனார்கள். நீங்களும் அப்படிப் போங்கள், மற்றவற்றைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது அவர் வாதம். அவருடைய கண்டிப்பான கடிதங்கள் சீகன்பால்குவை வெகுவாகப் பாதித்தன. யோசித்தால் இதுவும் வேதம் பற்றிய சண்டைதான். ஒரே நூலை இருவரும் படித்திருக்கிறார்கள். சீடர்களைப் போல வெறுங்கையோடு போ என்று ஒருவருக்கு அது சொல்கிறது. எல்லார் மொழியிலும் எல்லார் கைக்கும் போகட்டும், அதற்கு ஈயம் உருக்கு, காகிதம் செய் என்று இன்னொருவருக்குச் சொல்கிறது. வெண்ட் குளிர் நாட்டு மேசையிலிருந்து எழுதினார் என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்கிறேன்.

1719 பிப்ரவரி 23ஆம் தேதி சீகன்பால்கு இறந்தார். வயது 36. தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே கிருண்ட்லரும் போய்விட்டார். அச்சுக்கூடம் நிற்கவில்லை. 1733இல் ஆறுமுகம் என்ற இயற்பெயர் கொண்ட ஆரோன் பாதிரியாராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியச் சீர்திருத்தச் சபைகளில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் லுத்தரன் சபைகளில் வழிபடும் குடும்பங்களின் வேர் அந்தத் தரங்கம்பாடி வழியிலிருந்து வருவதுதான்.

புதிய ஏற்பாடு முடிந்தபின் அவர் பழைய ஏற்பாட்டையும் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். ஆதியாகமத்திலிருந்து ஒவ்வொரு நூலாக வந்து, ரூத் வரை முடித்திருந்தார். ரூத் நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறிய நூல். கணவனை இழந்த மோவாபியப் பெண் ஒருத்தி, தன் ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லியும் கேட்காமல், மாமியாரோடு அவருடைய ஊருக்கே வந்துவிடும் கதை. அந்த ஊர் வயல்களில் அறுவடைக்காரர்களுக்குப் பின்னால் போய் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கிப் பிழைக்கிறாள். மீதியைத் தொடர்ந்து செய்தவர் பெஞ்சமின் சுல்ட்சே. 1728இல் தமிழ்ப் பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது.